கீமோ காலத்தில் வீட்டில் எது துணை: நோட்டா, பதிவுச் செயலியா, மருத்துவமனைச் செயலியா, பேசும் செயற்கை நுண்ணறிவா?

பெருந்துறையிலிருந்து ஒருவர், தாராபுரத்திலிருந்து ஒருவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு மருமகள். மூவரும் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்குக் கீமோ தொடங்கப்போகிறது. போனில் எந்தச் செயலியை ஏற்றி வைத்துக்கொள்வது? சாட்ஜிபிடி போல, கேட்டால் பதில் பேசும் செயற்கை நுண்ணறிவுச் செயலி போதுமா? மருத்துவமனை தரும் செயலியை வாங்கிக்கொள்ள வேண்டுமா? இதெல்லாம் இல்லாமலே சமாளிக்க முடியாதா?

நான் மருத்துவர் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு என் அம்மாவுக்கு எட்டு கீமோ நடந்தது. எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கம். சிகிச்சை கோயமுத்தூரில். அந்த ஆறு மாதமும் அம்மாவின் ஃபைலும் தெர்மாமீட்டரும் போனும் என் கையில்தான் இருந்தன. கீழே பேசப்போகும் நான்கு வழிகளையும் அப்போது முயன்று பார்த்தேன். மருந்தைப் பற்றியோ அளவைப் பற்றியோ சந்தேகம் வந்தால் உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்றால் டே கேர் வார்டில் இருப்பது ஒரு பகல் மட்டும். மீதி இருபது நாளும் வீடுதான். குமட்டலும் வாய்ப்புண்ணும் பேதியும் காய்ச்சலும் வருவது பெரும்பாலும் அந்த இருபது நாளில். எங்களைப் போலப் புளியம்பட்டி, அன்னூர் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டியவர்களுக்கு, "எதற்கும் ஒரு நடை வந்து காட்டிவிட்டுப் போங்கள்" என்பது லேசான காரியம் இல்லை. வீட்டிலேயே ஒரு துணை வேண்டும் என்று தோன்றுவதற்குக் காரணம் இந்தத் தூரம்தான்.

என் முதல் அளவுகோல் ஆபத்து. ஆபத்து வரும்போது அது ஆபத்து என்று இந்த வழிக்குத் தெரியுமா? தெரிந்தால் ஒரு மனிதரை எழுப்புமா? கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கும். வார்டில் "கவுண்ட் இறங்குகிற நாள்" என்பார்கள். அந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை. கிருமி இரத்தத்தில் பரவத் தொடங்கியிருக்கலாம். உடம்பில் எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் பெரும்பாலும் சீழோ வீக்கமோ காட்டாது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது மருத்துவ உலகில் நிலைபெற்ற நெறி. வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டால் காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. ஒரு செயலி மற்ற எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கி இந்த இடத்தில் தவறினால், எனக்கு அது வேண்டாம்.

இரண்டாவது, நம் பேச்சு அதற்குப் புரியுமா என்பது. நான் சொல்வது புத்தகத் தமிழை அல்ல, நோயாளியின் வாயில் வரும் சொல்லை.

மூன்றாவது, அதை யார் இயக்குவது? மூன்றாம் நாள் அசதியில் தலையணையிலிருந்து தலை தூக்க முடியாதவரிடம் பத்துக் கேள்விக்குப் பதில் தட்டச்சச் சொல்ல முடியாது.

நான்காவது, மறைவான செலவு. பணம் அதில் ஒரு பங்குதான். நேரம், தேவையில்லாத பயம், ஊருக்குள் பேச்சு பரவுவது எல்லாம் செலவுதான். வீட்டில் பெண் வரன் பார்க்கும் நேரத்தில் தாய்க்குப் புற்றுநோய் என்ற செய்தி வெளியே போவதை எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எவ்வளவு அஞ்சுகின்றன என்பது அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். அந்த அச்சம் சரியா தவறா என்பது வேறு பேச்சு. செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது அதையும் கணக்கில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

## நோட்டும் தெர்மாமீட்டரும் ஒரு தொலைபேசி எண்ணும்

நாற்பது பக்க நோட்டு ஒன்று, டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, டே கேர் வார்டின் எண். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, கீமோவுக்குப் பின் எத்தனையாவது நாள், காலை மாலை உடம்புச் சூடு, எத்தனை முறை வாந்தி, எத்தனை முறை மலம் போனது, என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை. அவ்வளவுதான்.

அம்மாவின் நோட்டு ஒன்று இன்னும் அலமாரியில் இருக்கிறது. இரண்டாம் கீமோவின் ஐந்தாம் நாளில், "அரிசியும் பருப்பும் அரைக் கரண்டி, பச்சைப்பயறு கடைசல் வேண்டாம் என்றார், வாய் சப்பென்று இருக்கிறதாம்" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த முறை போனபோது மருத்துவர் அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். எடை ஏன் குறைந்தது என்று அவர் கேட்பதற்கு முன்பே பதில் அங்கே இருந்தது. "பரவாயில்லைங்க, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று அம்மா சொன்னதற்கும் நோட்டு சொன்னதற்கும் நடுவில் இருந்த தூரத்தை அவர் அந்தப் பக்கத்திலேயே கண்டுகொண்டார். நம் பெரியவர்கள் டாக்டர் முன்னால் குறை சொல்ல மாட்டார்கள். நோட்டு சொல்லிவிடும்.

இதற்கு மின்சாரம் வேண்டாம், சிக்னல் வேண்டாம். யாருடைய கணினிக்கும் விவரம் போகாது. தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், தனியாக இருப்பவருக்கும் பொருந்தும்.

குறை என்னவென்றால், நோட்டு தானாகக் குரல் கொடுக்காது. 101 டிகிரி என்று எழுதிவிட்டு, "விடியட்டும் பார்க்கலாம்" என்று படுத்துவிட்டால் அதுவும் பேசாமல் இருக்கும். வார்டு எண் இரவில் எடுக்கப்படுமா என்பதை முதல் கீமோ அன்றே கேட்டுவிட வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அழைத்துப் பார்த்துவிட வேண்டும். நான் முதலில் குறித்து வைத்திருந்த எண் மாலை ஐந்து மணிக்கு மேல் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இல்லை. அந்த வாரமே கேட்டு வேறு எண் வாங்கினேன். இந்த வழியில் மறைவான செலவு என்று ஒன்று உண்டென்றால் அது பராமரிப்பவரின் ஒழுங்குதான். நான்காம் கீமோவில் எனக்கே சலித்துப்போய் மூன்று நாள் எழுதாமல் விட்டேன்.

## மாத்திரை நினைவூட்டும், குறிப்பெடுக்கும் செயலிகள்

இவை நோட்டின் வேலையைப் போனில் செய்பவை. மணி அடிக்கும், கிராஃப் போட்டுக் காட்டும். சிலவற்றில் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் ஒட்டியிருந்தாலும் பெரும்பாலும் அலாரமும் பட்டியலும்தான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, அலாரம் தேவைப்படும் இடம் உண்டு.

கேப்சைட்டபின் போல வீட்டிலேயே மாத்திரையாகக் கீமோ எடுப்பவர்களுக்கு இது கண்கூடான உதவி. பல சிகிச்சை முறைகளில் காலை, இரவு என்று இரண்டு வேளை, பதினான்கு நாள் தொடர்ந்து, பிறகு ஏழு நாள் ஓய்வு. எந்த நாளில் நிறுத்த வேண்டும் என்பதில் தவறு நேர்ந்தால் விளையாட்டில்லை. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்குச் சேர்த்து இரட்டையாகப் போட்டுவிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. கீமோ மாத்திரையில் அது கூடவே கூடாது. உள்ளங்கை, உள்ளங்காலில் சிவப்பும் எரிச்சலும் வந்தால் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளவும் இந்தச் செயலிகள் வசதி.

அம்மாவுக்குக் கீமோ முடிந்த மறுநாள் வெள்ளை அணு ஏற ஓர் ஊசி போட வேண்டியிருந்தது. கோயமுத்தூரில் வாங்கி, ஐஸ் பையில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்து, வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, கீமோ முடிந்து 24 மணி நேரம் ஆன பிறகு பக்கத்து ஊர் நர்ஸிடம் போட்டுக்கொள்ள வேண்டும். அலாரம் நேரத்தைச் சரியாகச் சொன்னது. ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை என்பதை அது சொல்லவில்லை, அண்ணி பார்த்துச் சொன்னார்.

இலவசம் என்று இறங்கி, பத்தாவது மாத்திரையைச் சேர்க்கும்போது சந்தா கேட்கும் செயலிகள் இருக்கின்றன. போனின் தொடர்புப் பட்டியல், இருக்கும் இடம், படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும் மாத்திரை அலாரத்தை அன்றே நீக்கிவிடுங்கள். மாத்திரைக்கு மணியடிக்க உங்கள் சொந்தக்காரர்களின் எண்கள் அதற்கு எதற்கு? 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் போன விவரத்தைத் துரத்துவதைவிடக் கொடுக்காமல் இருப்பது எளிது.

## மருத்துவமனையோடு இணைந்த செயலி

நோயாளி வாரத்துக்கு ஒருமுறையோ தினமுமோ சில கேள்விகளுக்குப் பதில் தருவார். குமட்டல் எவ்வளவு? வலி எவ்வளவு? காய்ச்சல் உண்டா? பதில் எல்லையைத் தாண்டினால் மருத்துவமனையில் இருக்கும் நர்ஸுக்குச் செய்தி போகும், அவர் அழைப்பார்.

இந்த வகைக்கு வலுவான சான்று இருக்கிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஈதன் பாஷ் என்ற மருத்துவரின் குழு, பரவிய நிலைப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 766 பேரிடம் இப்படி ஒன்றைச் சோதித்தது. 2016, 2017 ஆண்டுகளில் முடிவுகள் வெளியாயின. தம் தொந்தரவுகளைக் கணினி வழியே சொல்லி வந்தவர்களில் ஓராண்டுக்குள் அவசரப் பிரிவுக்குப் போனவர்கள் 34 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 41 சதவீதம். உயிரோடிருந்த கால அளவின் இடைநிலையும் 26 மாதத்திலிருந்து 31.2 மாதமாக உயர்ந்திருந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. கணினியே பழகாதவர்களுக்குத்தான் பல பலன்கள் கூடுதலாகக் கிடைத்தன. "எங்கள் ஆத்தாவுக்கு இதெல்லாம் ஆகாது" என்று தொடங்கும்போதே தள்ளிவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நேர்மையாக இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே குழு பின்னர் அமெரிக்காவின் 52 புற்றுநோய் மையங்களில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது, உடல் இயக்கமும் தொந்தரவுக் கட்டுப்பாடும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. ஆயுள் கூடியது என்ற முடிவு மட்டும் அங்கே திரும்ப வரவில்லை. ஆகவே செயலியால் ஆயுள் கூடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பிவிட வேண்டாம். தொந்தரவு குறையும் என்றால் நம்பலாம்.

இந்தச் சோதனைகளில் பேசும் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எளிய கேள்வி, எளிய விதி, மறுமுனையில் சம்பளம் வாங்கும் ஒரு நர்ஸ். பலன் தந்தது அந்த மறுமுனை.

அதனால் உங்கள் மருத்துவமனை ஒரு செயலியைத் தந்தால் அது எப்படி இயங்குகிறது என்று கேட்பதைவிட இந்த மூன்றைக் கேளுங்கள். நான் இரவு இரண்டு மணிக்கு "காய்ச்சல்" என்று அழுத்தினால் அதை யார் பார்ப்பார்கள்? எவ்வளவு நேரத்தில் அழைப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை என்ன? மருத்துவமனைச் செயலி என்ற பெயரில் வருபவற்றில் பல, அப்பாயின்ட்மென்ட் போடவும் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இறக்கவும் பில் கட்டவும் மட்டுமே. அதுவும் வசதிதான், கோபியிலிருந்து ரிப்போர்ட்டுக்காக ஒரு நடை மிச்சம். ஆனால் அதில் இருக்கும் "செய்தி அனுப்புக" பெட்டியில் காய்ச்சலை எழுதிவிட்டுக் காத்திருப்பது, பூட்டிய அலுவலகத்தின் கதவிடுக்கில் கடிதம் போடுவதற்குச் சமம்.

மறைவான செலவு இங்கே ஒரு மயக்கம். பதில் அனுப்பிவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஆதாரம் இருக்கிறதா என்று சோதித்த பிறகே நிம்மதி அடையுங்கள்.

## பேசும் செயற்கை நுண்ணறிவு

அம்மாவின் இரண்டாம் கீமோ முடிந்து பத்தாம் நாள் இரவு. அண்ணன் மகன் கோயமுத்தூரில் கல்லூரியில் படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். நான் சமையலறையில் இருந்தேன். அம்மா கட்டிலில் படுத்தபடி, மேல் காய்கிறது என்றார். எங்கள் பக்கத்தில் மேல் என்றால் உடம்பு. மேல் காய்கிறது என்றால் காய்ச்சல் அடிக்கிறது. அவன் அக்கறையோடுதான் போனை அவர் வாய்ப்பக்கம் நீட்டி, அப்பத்தா சொன்னதை அப்படியே ஒரு செயலியிடம் கேட்க வைத்தான். சில நொடியில் அழகான தமிழில் பதில் வந்தது. கீமோ சிகிச்சையில் சருமம் வறண்டுபோவது இயல்பு, தண்ணீர் நிறையக் குடியுங்கள், தேங்காய் எண்ணெய் தடவலாம், கவலை வேண்டாம்.

"அத்தை, அப்பத்தாவுக்குத் தோல் வறட்சியாம், பயப்பட ஒன்றும் இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டே அவன் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடினான். நான் வந்து நெற்றியில் கை வைத்தேன். தெர்மாமீட்டர் 101.2 காட்டியது.

வார்டு எண்ணை அழைத்தேன். மூன்றாவது மணியில் ஒரு சிஸ்டர் எடுத்தார். எத்தனை டிகிரி, கீமோ எந்தத் தேதி, குளிர் நடுக்கம் உண்டா, மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்று நான்கே கேள்வி. "கோயமுத்தூருக்குக் கிளம்ப வேண்டாம், முதலில் கோபியிலேயே ஒரு மருத்துவமனையில் ஃபைலைக் காட்டி இரத்தம் எடுத்து ஆன்டிபயாடிக் ஆரம்பியுங்கள், அங்கிருக்கும் டாக்டரை எங்களோடு பேசச் சொல்லுங்கள்" என்றார். வெள்ளை அணுக்கள் 900க்கு இறங்கியிருந்தன. ஐந்து நாள் படுக்கை.

பிறகு ஒரு நாள் அதே செயலியில் நானே தட்டச்சினேன்: கீமோ முடிந்து பத்து நாள், உடம்புச் சூடு 101. முதல் வரியிலேயே உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்று வந்தது. அதற்கு அறிவு இல்லாமல் இல்லை. கேட்கத் தெரிந்தவருக்குச் சரியாகச் சொல்கிறது. நோயாளி கேட்கத் தெரிந்தவராக இருப்பதில்லை. ஓங்கரிப்பு என்பார், கால் மதமதவென்று இருக்கிறது என்பார், கிறுகிறுப்பு என்பார். வார்டு சிஸ்டர், புரியாவிட்டால் திருப்பிக் கேட்டார். செயலி, புரியாததைப் புரிந்ததாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னது. அந்த இரவுக்குப் பிறகு எனக்கு இந்த வேறுபாடுதான் எல்லாவற்றிலும் பெரியது.

சிகிச்சை முடிவுகளிலும் இப்படித்தான். 2023இல் ஜாமா ஆன்காலஜி இதழில் வந்த ஓர் ஆய்வில், மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கு என்ன சிகிச்சை என்று சாட்ஜிபிடியிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதில்களில் மருத்துவ வழிகாட்டு நெறிக்குப் பொருந்தாத யோசனையும் கலந்திருந்தது. சரியானதும் தவறானதும் ஒரே பதிலில், ஒரே தொனியில். அதற்குப் பின் இந்தச் செயலிகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனால் சரியையும் தவறையும் ஒரே உறுதியோடு சொல்லும் குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அருகே போக வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும் நான் அதைப் போனிலிருந்து நீக்கவில்லை. அது நன்றாகச் செய்த வேலைகள் உண்டு.

டிஸ்சார்ஜ் சம்மரியின் ஆங்கிலத்தைத் தமிழில் விளக்கச் சொன்னேன். பெயர், ஃபைல் எண், மருத்துவமனைப் பெயர் மூன்றையும் ஒரு தாளால் மறைத்துவிட்டுத்தான் படம் எடுத்தேன். அச்சடித்த பக்கங்களைத் தெளிவாக விளக்கியது. கையெழுத்துப் பக்கங்களில் மாத்திரை அளவைத் தவறாகப் படித்தது, அதனால் அந்தப் பக்கங்களை அதற்குக் காட்டுவதை நிறுத்தினேன். டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தித் தரச் சொன்னபோது, நான் யோசித்திராத இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கொடுத்தது. அவற்றில் ஒன்று, குமட்டலுக்குத் தரும் ஸ்டெராய்டு நாட்களில் சர்க்கரை ஏறுமா என்பது. அம்மாவுக்கு நீரிழிவு உண்டு. டாக்டர் அன்றே அந்த நாட்களுக்கு அளவை மாற்றி எழுதினார்.

முதல் கீமோ முடிந்த அன்று இரவு சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து வீடே கலங்கியது. டாக்சோருபிசின் மருந்தே சிவப்பு, ஒன்றிரண்டு நாள் அப்படிப் போகும் என்று செயலி சொன்னது சரி. வார்டிலும் அதையே சொன்னார்கள். ஆனால் நான்காம் நாளும் சிவப்பாகப் போனால் அது மருந்தின் நிறம் அல்ல, கேட்டே ஆக வேண்டும். எத்தனையாவது நாள் என்று நாம் சொன்னால்தான் செயலிக்குத் தெரியும்.

உணவு, நாட்டு மருந்து பற்றிய கேள்விகளில் அதைக் கவனமாகப் பயன்படுத்தலாம். ஈரோட்டு மஞ்சள் விளையும் மண்ணில் வாழ்கிறோம். மஞ்சள் புற்றுநோயைக் கொல்லும் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு செய்தி வரும். ரசத்தில் போடும் மஞ்சள் வேறு, அடர்த்தியான குர்குமின் மாத்திரை வேறு. பின்னது சில கீமோ மருந்துகளின் வேலையில் குறுக்கிடக்கூடும் என்ற ஐயம் ஆய்வாளர்களிடையே உண்டு. முள் சீத்தா இலைக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு எல்லாமே டாக்டரைக் கேட்காமல் கீமோ காலத்தில் கூடாதவை. செயலியிடம் கேட்டால் பெரும்பாலும் டாக்டரைக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறது. மாமனிடம் நேராக மறுத்துப் பேச முடியாத வீடுகளில், செயலியும் அப்படித்தான் சொல்கிறது என்று காட்டுவதும் ஒரு பயன்தான்.

இரவு மூன்று மணித் துணை பற்றியும் ஒரு வார்த்தை. தூக்கம் வராத ஒருத்தி அதனோடு பேசி மனம் லேசானால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அம்மாவுக்கு அது ஒட்டவில்லை. கொடிவேரிப் பக்கத்திலிருந்து பெரியம்மா வந்து இரண்டு நாள் தங்கியதும்தான் அவர் வாய்விட்டு அழுதார்.

மறைவான செலவுகள்: கேள்வி கேட்கக் கேட்கப் பயமும் வளரும், ஒவ்வொரு பதிலும் இன்னும் நான்கு பக்கவிளைவுகளின் பெயரைச் சொல்லிக் கொடுக்கும். நாம் எழுதியது நிறுவனத்தின் கணினியில் தங்கக்கூடும். சாளைகளில் சிக்னல் போனால் துணையும் போய்விடும்.

## ஒரு பார்வையில்

| | நோட்டும் எண்ணும் | பதிவுச் செயலி | மருத்துவமனைச் செயலி | பேசும் செயலி |
|---|---|---|---|---|
| ஆபத்தில் ஆளை எழுப்புமா | நாம் அழைத்தால் | இல்லை | மறுமுனையில் நர்ஸ் இருந்தால் | இல்லை |
| வட்டாரப் பேச்சு | நாமே எழுதுவது | பட்டியலில் தேர்வு | பட்டியலில் தேர்வு | தவற வாய்ப்புண்டு |
| இயக்குபவர் | வீட்டில் எவரும் | போன் பழகியவர் | நோயாளியே இயக்கலாம் | கேட்கத் தெரிந்தவர் |
| பணச் செலவு | நோட்டு, தெர்மாமீட்டர் | சில சந்தா | மருத்துவமனையைப் பொறுத்து | இலவசமும் உண்டு, டேட்டா |
| விவரம் வெளியே போவது | போகாது | போகலாம் | மருத்துவமனைக்கு | நிறுவனத்துக்கு |

## கேட்ட மூவருக்கும்

பெருந்துறைக்காரரின் அப்பா மாத்திரையாகக் கீமோ எடுக்கிறார், போன் பழக்கம் நன்றாக உண்டு. அவருக்கு நினைவூட்டும் செயலி பொருந்தும், கூடவே ஒரு நோட்டு. வழக்கத்தைவிட நான்கு முறை கூடுதலாகப் பேதி போனால் அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதற்கு முன் மருத்துவமனையை அழைக்க வேண்டும் என்பதை அலாரத்தின் பெயராகவே எழுதி வையுங்கள். மணி அடிக்கும்போதெல்லாம் அதுவும் கண்ணில் படும்.

தாராபுரத்துக்காரருக்கு மருத்துவமனையிலிருந்தே செயலி கொடுத்திருக்கிறார்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் அதையே முதல் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், வேறெதுவும் வேண்டாம். இல்லையென்றால் ரிப்போர்ட் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு நோட்டுக்கு வாருங்கள். காய்ச்சல் வந்தால் முதலில் எந்த உள்ளூர் மருத்துவமனைக்குப் போவது என்று இப்போதே பேசி வையுங்கள். "கீமோ எடுக்கும் நோயாளி, காய்ச்சல் வந்தால் உடனே ஆன்டிபயாடிக்" என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி ஃபைலின் முதல் தாளாக வையுங்கள். புதிய டாக்டரிடம் வாயால் விளக்கும் நேரம் மிச்சமாகும். யாரும் கிடைக்காத நேரத்தில் 104இல் ஆலோசனை கேட்கலாம், வண்டி வேண்டுமென்றால் 108.

திருப்பூர் மருமகளின் நிலைதான் மூன்றிலும் கடினம். மாமியார் பகலெல்லாம் தனியாக இருக்கிறார், படிக்கத் தெரியாது. இவருடைய கம்பெனியில் லைனில் இருக்கும்போது போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். அவர் கேட்டது, குரலில் பேசும் செயலி ஒன்றை மாமியாருக்குப் பழக்கலாமா என்று. அம்மா, வேண்டாம். அவருடைய மேல் காய்வதை அது எப்படிக் கேட்டுக்கொள்ளும் என்று உங்களால் பக்கத்திலிருந்து பார்க்க முடியாது. உங்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் செயலியும் பயன்படாது, ஷிப்ட் முடியும்வரை அதை நீங்கள் பார்க்க மாட்டீர்கள். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை, ஒருவர் போதும். ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை அவர் காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வந்து தெர்மாமீட்டர் வைக்கட்டும். 100.4 என்ற எண்ணை அதன் டப்பா மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வார்டின் இரவு பகல் எண்ணையும் உங்கள் கம்பெனி அலுவலக எண்ணையும் அதற்குக் கீழே எழுதுங்கள். சூப்பர்வைசரிடம் இன்றே போய்ச் சொல்லுங்கள், அந்த எண்ணில் அழைப்பு வந்தால் உங்களை லைனிலிருந்து கூப்பிட வேண்டும் என்று. பேசும் செயலியை உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொண்டு, இரவில் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துப் புரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.